தரைக்குக் கீழே போன பணம்

கையில் காசு குறைவா, வினைல் என்னும் பிளாஸ்டிக் தரை போடுங்கள். தாராளமாக இருக்கிறதா, மரம் போடுங்கள். தரையை மாற்றப் போகிறோம் என்று சொன்னவுடன் எல்லோரும் தந்த ஆலோசனை இதுதான். எங்கள் வீட்டில் எந்த அறைக்கு எது என்று தீர்மானித்தது அடியில் கிடந்த கான்கிரீட். பணப்பை அதற்குப் பிறகுதான் வாய் திறந்தது. இன்று கீழ்த்தளம் முழுக்க வினைல். மாடியிலுள்ள இரண்டு படுக்கையறைகளில் கெட்டி மரப் பார்க்கெட், அதாவது மரத்துண்டுகளைப் பதித்த தரை. இரண்டின் மேலும் சில ஆண்டுகளாக நடமாடிக்கொண்டிருக்கிறேன். மரத்தின் பக்கம் எனக்குக் கொஞ்சம் சாய்வு உண்டு. அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கடையில் எழுதி வைத்திருக்கும் சதுர மீட்டர் விலை தரையின் முகத்துக்கு மட்டும்தான். பழைய தரையைப் பெயர்ப்பது, குப்பையை அகற்றுவது, பள்ளம் மேடு சரிசெய்வது, பசை, பசைக்கு முன் பூசும் பிரைமர், அடிவிரிப்பு, சுவரோரச் சட்டம், வாசல்களில் வைக்கும் பட்டை, கதவுகளின் அடியை அறுப்பது என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கை நீட்டும். மரத்துக்கு இதற்கு மேல் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் மேற்பூச்சும் உண்டு. எங்களுக்கு வந்த மதிப்பீட்டில் மரத்தின் விலை மொத்தச் செலவில் பாதியைக்கூட எட்டவில்லை. எனவே ‘எந்த மரம் மலிவு’ என்று தேடி அலைவதில் மிச்சமாவது கொஞ்சம். அடிவேலை எவ்வளவு தேவைப்படும் என்பதை முதலில் தெரிந்துகொண்டால் பட்ஜெட்டின் பெரும்பகுதி அங்கேயே தெளிவாகிவிடும். அளவெடுக்கும்போது சேதாரத்தையும் சேர்க்க வேண்டும். நேர்வரிசையில் போட்டால் 5 முதல் 10 சதவீதம் கூடுதலாக வாங்கினால் போதும். மீன்முள் வடிவத்தில் போட்டால் 10 முதல் 15 வரை போகும். கூடத்தில் மீன்முள் வேண்டும் என்று என் கணவர் ஆசைப்பட்டார். சேதாரத்தையும் கூடுதல் கூலியையும் தாளில் எழுதிக் காட்டியதும் ஆசை தானாகவே அடங்கியது.

பழைய தரையைப் பெயர்ப்பதில் ஓர் எச்சரிக்கை. 1980-களுக்கு முன் போடப்பட்ட வினைல் ஓடுகளிலும், குறிப்பாக ஒன்பது அங்குலச் சதுர ஓடுகளிலும், அவற்றை ஒட்டிய கறுப்புப் பசையிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்டது கண்ணில் பட்டால் உடைக்காமல், தேய்க்காமல், உரியவர்களைக் கொண்டு சோதித்து, முடிவு தெரிந்த பிறகு கை வையுங்கள்.

இனி ஈரம். மரத்தரைக்கு எதிரி மேலே சிந்தும் தண்ணீர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மேலே சிந்தியதைத் துடைத்துவிடலாம். கீழேயிருந்து ஏறுவது யார் கண்ணுக்கும் தெரியாது. வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒன்றரை அடிச் சதுரத்தில் கனமான, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளைக் கான்கிரீட்டின் மேல் விரித்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் நாடாவால் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுவிட வேண்டும். மாடியில் தாளை எடுத்தபோது தளம் காய்ந்த சாம்பல் நிறத்தில் அப்படியே இருந்தது. சமையலறையில் தாளின் அடிப்பக்கம் பொடிப்பொடியாக முத்துக் கட்டியிருந்தது. தளத்திலும் தாள் மூடிய சதுரம் மட்டும் கறுத்துக் கிடந்தது. கூடத்தில் துளிகள் இல்லை என்றாலும் நிறம் மங்கியிருந்தது.

இந்தச் சோதனை ஈரம் உண்டா இல்லையா என்று மட்டும்தான் சொல்லும். எவ்வளவு என்று அறிய ஆளை அழைத்தோம். வந்தவர் தளத்தில் சிறு குழி தோண்டி, பெயர்ந்த துண்டுகளை இரும்புக் கிண்ணத்தில் போட்டு இடித்துப் பொடியாக்கினார். பொடியை நிறுத்து எஃகுக் குடுவையில் கொட்டி, அதனுடன் இரும்புக் குண்டுகளையும் கால்சியம் கார்பைடு அடைத்த கண்ணாடிக் குப்பியையும் போட்டு, மூடியை இறுக்கிக் குலுக்கினார். குப்பி உடையும் சத்தம் உள்ளே கேட்டது. பொடியிலிருக்கும் ஈரம் கார்பைடுடன் சேர்ந்தால் அசிட்டிலீன் வாயு உண்டாகும். வாயுவின் அழுத்தம் மூடியிலுள்ள முள்ளை ஏற்றும். முள் நிற்கும் இடத்தைக் கொண்டு ஈரத்தின் சதவீதத்தைக் கணக்கிடலாம். சிமெண்ட் பூச்சில் 2 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் அதன் மேல் மரத்தை ஒட்டக் கூடாது என்பது தொழிலில் பரவலாகப் பின்பற்றப்படும் எல்லை. தரைக்கடியில் வெப்பக் குழாய் ஓடினால் எல்லை 1.8. எங்கள் கூடமும் சமையலறையும் அந்த எல்லையைத் தாண்டிவிட்டன. ஈரத்தைத் தடுக்கும் பூச்சுகள் இருக்கின்றன. அவற்றின் செலவையும் சேர்த்தால் கீழ்த்தளத்தில் மரம் என்ற பேச்சே எங்கள் கைக்கு எட்டாது. விவாதம் அத்தோடு முடிந்தது. அந்த அளவீட்டுக்குக் கொடுத்த கூலிதான் இந்த வேலையில் நான் செய்த ஆக உருப்படியான செலவு.

பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் மரத்தரை வந்த கதையும் தண்ணீரில்தான் தொடங்குகிறது. அங்கே முதலில் பளிங்குதான் இருந்தது. பளிங்கை அடிக்கடி கழுவ வேண்டியிருந்ததால் நீர் கசிந்து கீழேயிருந்த மர உத்தரங்கள் இற்றுப்போயின. அதனால்தான் 1684-இல் பளிங்கை எடுத்துவிட்டுச் சட்டமிட்ட மரப் பார்க்கெட்டைப் பதித்தார்கள். தரையைப் பற்றிய முடிவைக் கீழே இருப்பதைப் பார்த்து எடுப்பது அரண்மனைக்கும் பொருந்தியிருக்கிறது.

வினைலுக்கு ஈரம் ஒரு பொருட்டே இல்லை என்று விற்பவர்கள் சொல்வார்கள். பலகைக்கு ஒன்றும் ஆகாதுதான். ஆனால் ஈரமான தளத்தில் பசை போட்டு ஒட்டும் வினைலில் பசை இளகிவிடும். பசையில்லாமல் ஒன்றோடொன்று கோத்துப் போடும் வகையில்கூட அடியில் அடைபட்ட ஈரம் பூஞ்சை நாற்றமாக வெளிவரும். நாங்கள் கோக்கும் வகையைத்தான் எடுத்தோம், அடியில் 0.2 மில்லிமீட்டர் பாலித்தீன் தாளை விரித்து, சுவரில் கொஞ்சம் ஏற்றிவிட்டு, அதன் மேல் போட்டோம்.

வினைலில் மூன்று சாதி உண்டு: சுருளாக வரும் விரிப்பு, ஒட்டும் மெல்லிய பலகை, சுண்ணாம்புக்கல் தூளையும் பி.வி.சி.யையும் கலந்து செய்த விறைப்பான கோக்கும் பலகை. ஆகக் குறைந்த செலவு சுருள்தான். சிறிய அறைக்கு அதில் ஒரு குறையும் இல்லை, இணைப்பே இல்லாததால் தண்ணீர் இறங்கவும் வழியில்லை. அதைப் போட்டால் மதிப்புக் குறைவு என்று முகம் சுளிப்பவர்களை நான் கண்டுகொள்வதில்லை.

பலகை வாங்கும்போது மொத்தத் தடிமனைப் பார்த்து மயங்க வேண்டாம். ஐந்து மில்லிமீட்டர், ஆறு மில்லிமீட்டர் என்று சொல்வதில் அடியில் ஒட்டிய நுரையும் சேர்ந்தே வரும். உழைக்கப்போவது பலகையில் மரம்போல் அச்சிட்ட படத்துக்கு மேலே இருக்கும் தெளிவான தேய்மானப் படலம் மட்டுமே. அது 0.3 மில்லிமீட்டர் என்றால் படுக்கையறைக்குப் போதும். நடமாட்டம் மிகுந்த கூடத்துக்கு 0.5-க்குக் குறையாமல் எடுப்பது நல்லது. சில பெட்டிகளில் இதை ‘மில்’ கணக்கில் அச்சிட்டிருப்பார்கள். மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 12 மில் என்பது 0.3 மில்லிமீட்டர், 20 மில் என்பது 0.5 மில்லிமீட்டர். பெட்டியில் வீட்டுப் படத்துடன் 21, 22, 23 என்றோ கட்டடப் படத்துடன் 31, 32, 33 என்றோ ஓர் எண் இருக்கும். முதல் இலக்கம் 2 என்றால் வீடு, 3 என்றால் வணிக இடம். இரண்டாம் இலக்கம் கூடக்கூட நடமாட்டத்தைத் தாங்கும் திறன் கூடும். விற்பவரின் வாய்ச்சொல்லைவிட இந்த எண் நம்பகமானது.

படத்தைப் பற்றியும் ஒரு சொல். வினைல் பலகையில் இருப்பது மரத்தின் அச்சிட்ட படம். ஒரு வடிவமைப்பில் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான வெவ்வேறு பலகைகள்தாம் இருக்கும்; பிறகு அதே படம் திரும்ப வரும். கடையிலேயே இரண்டு மூன்று பெட்டிகளைப் பிரித்துப் பரப்பிப் பார்த்தோம். நாங்கள் முதலில் விரும்பிய வகையில் ஒரே கணு மூன்று இடங்களிலிருந்து எங்களைப் பார்த்துச் சிரித்தது. அதை விட்டுவிட்டுக் கணுக்கள் குறைந்த, அமைதியான ரேகை உள்ளதை எடுத்தோம். போடும்போதும் ஒரே பெட்டியை முடித்துவிட்டு அடுத்ததைத் திறக்காமல் நான்கைந்து பெட்டிகளைக் கலந்து போடச் சொல்ல வேண்டும்.

எங்கள் வினைல் பட்ஜெட்டைத் தின்றது தளத்தின் பள்ளம். இரண்டு மீட்டர் நீளமுள்ள நேரான சட்டத்தைத் தரையில் வைத்தால் அதன் அடியில் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரியக் கூடாது. தளம் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தால் பரவாயில்லை. குழியும் திட்டும்தான் ஆகாது. குழியின் மேல் கோத்த பலகை ஒவ்வொரு காலடிக்கும் அமுங்கி எழும், அமுங்கி எழும்போதெல்லாம் பலகையின் ஓரத்தில் கோப்பதற்காக நீட்டியிருக்கும் நாக்கு வளையும், ஒருநாள் முறியும். எங்கள் கூடத்தின் நடுவில் சட்டத்துக்கடியில் விரலை நுழைக்க முடிந்தது. தானாகப் பரவும் சமன்கலவையை ஊற்றித்தான் சரிசெய்தோம். மெத்தென்றிருக்கும் தடித்த அடிவிரிப்பைப் போட்டால் பள்ளம் மறைந்துவிடும் என்று ஒருவர் யோசனை சொன்னார். அடிவிரிப்பு மெத்தென்றிருக்க இருக்கக் கோர்வைக்கு ஆபத்து கூடும். பலகையிலேயே நுரை ஒட்டி வந்தால் அதன் கீழ் இன்னொரு விரிப்பு வேண்டவே வேண்டாம்.

வெயிலையும் மறக்க வேண்டாம். என் தங்கை வீட்டில் மேற்குப் பார்த்த பெரிய சன்னலுக்கருகே வினைல் பலகைகள் இரண்டு இணைப்பில் கூடாரம்போல் எழும்பி நின்றன. வெப்பத்தில் வினைல் விரியும். விரிவதற்குச் சுவரோரம் 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். அங்கே விட்டுத்தான் இருந்தார்கள். ஆனால் தரை போட்ட பிறகு, எதிர்ச்சுவரில் கனமான அலமாரி வரிசையைத் தரையோடு சேர்த்துத் திருகிவிட்டார்கள். ஒரு பக்கம் பூட்டிவிட்டால் இன்னொரு பக்கத்து இடைவெளியால் என்ன பயன்? நிலையான அலமாரிகளை முதலில் நிறுத்திவிட்டு, அவற்றின் கால்வரை தரையைக் கொண்டுபோய் முடிப்பதுதான் சரியான வரிசை. அதே வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் ரப்பர் அடி வைத்த மிதியடி ஒன்று கிடந்தது. அதை எடுத்தபோது அதே அளவில் மஞ்சள் கறை. ரப்பரில் சேர்க்கும் வேதிப்பொருள் வினைலுக்குள் இறங்கிப் படிகிற கறை அது. எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. ஊன்றுகோலின் ரப்பர் முனை, நாற்காலியின் ரப்பர் கால் எதுவானாலும் ஒரே இடத்தில் நெடுநாள் நின்றால் இதே கதைதான்.

மாடிக்கு வருகிறேன். அங்கே தளம் காய்ந்திருந்தது, ஓரளவு சமமாகவும் இருந்தது. கெட்டி மரம் என்றால் 22 மில்லிமீட்டர் தடிமனில் ஓரங்களில் நாக்கும் அது நுழையும் காடியும் வைத்த நீண்ட பலகை என்றுதான் எண்ணியிருந்தோம். அதன் விலைக்கு ஓர் அறைதான் தேறும். தரை போட வந்த மூத்த தச்சர் தம் பையிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்து அருகருகே வைத்தார். ஒன்று 22 மில்லிமீட்டர் பலகையின் வெட்டுமுகம். மற்றது 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள சின்னக் கட்டை, விரலைவிடச் சற்று நீளம்.

“இதைப் பாருங்கள் அம்மா. பெரிய பலகையில் தேய்த்து எடுக்க முடிவது நாக்குக்கு மேலே இருக்கும் மரத்தை மட்டும்தான்,” என்று நகத்தால் கோடு கிழித்துக் காட்டினார். “மிஞ்சிப்போனால் எட்டு மில்லிமீட்டர். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் தாங்குவதற்கு. உங்களுக்குத்தான் கான்கிரீட் இருக்கிறதே, தாங்குவதற்கு மரம் எதற்கு?”

அந்தச் சின்னக் கட்டைகளைச் சதுரம் சதுரமாக அடுக்கி வலையில் ஒட்டி விற்பதை மொசைக் பார்க்கெட் என்கிறார்கள். நாக்கு இல்லை, காடி இல்லை. முழுக்க முழுக்க மரம். ஒருமுறை இயந்திரத்தால் தேய்த்தால் போவது அரை முதல் ஒரு மில்லிமீட்டர். ஆக, பலமுறை தேய்க்க இடமுண்டு. மரமோ குறைவு, நீளத் துண்டு தேவையில்லை. அதனால் விலையும் குறைவு. உத்தரத்தின் மேல் ஆணி அடித்துப் போட இது உதவாது. சமமான, காய்ந்த தளத்தில் பசை போட்டு ஒட்ட மட்டுமே முடியும். எங்களிடம் அந்தத் தளம் இருந்தது.

மரம் ஈரக்காற்றில் உப்பும், வறண்ட காற்றில் சுருங்கும். இதில் மரத்துக்கு மரம் வேறுபாடு பெரிது. மரத்தின் ஈரம் ஒரு சதவீதம் மாறினால் ஓக் பலகை அகலவாட்டில் ஏறத்தாழ 0.37 சதவீதம் அசையும். தேக்கு அதில் பாதிதான். 100 மில்லிமீட்டர் அகல ஓக் பலகையில் ஈரம் மூன்று சதவீதம் குறைந்தால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் சுருங்கும். இணைப்பில் கண்ணுக்குத் தெரியும் கீற்று விழும். அகலம் குறைந்த சின்னக் கட்டைகளில் அதே சுருக்கம் நூற்றுக்கணக்கான மயிரிழைகளாகப் பங்கிட்டுக்கொள்ளப்படுகிறது. சதுரங்கள் மாறி மாறித் திசை திரும்பியிருப்பதால் ஒரே பக்கமாக இழுப்பதும் இல்லை. வறண்ட மாதங்களில் குனிந்து தேடினால்தான் எங்களுக்கு இடைவெளி தெரிகிறது. பெட்டி வந்ததும் மரத்தின் ஈரத்தை முள் கருவியால் குத்திப் பார்த்தார் தச்சர். கெட்டி மரப் பார்க்கெட் 7 முதல் 11 சதவீத ஈரத்துடன் வர வேண்டும் என்பது ஐரோப்பியத் தரவிதி. அறையின் காற்றில் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் மரமும் அமைதியாக இருக்கும்.

பணம் மிச்சமான இன்னோர் இடம், தரம் பிரித்தல். கணுவும் நிறபேதமும் இல்லாத மரத்துக்குத்தான் முதல்தர விலை. கணுவுள்ள தரமும் அதே மரம்தான், அதே கடினம்தான். நிறம் கலந்திருப்பதால் கீறலும் எளிதில் கண்ணில் படாது. அழகு வேண்டுமென்றால்கூட நான் இதைத்தான் எடுப்பேன்.

இடைவழி ஒன்றையும் பார்த்தோம்: ஒட்டுப்பலகையின் மேல் நல்ல மரத்தைப் படலமாக ஒட்டிய பொறியியல் பலகை. இதில் மேல் மரம் எத்தனை மில்லிமீட்டர் என்பதை மட்டும் கேட்டால் போதும். ஐரோப்பியத் தரப்படி குறைந்தது 2.5 மில்லிமீட்டர் இருந்தால்தான் அதைப் பார்க்கெட் என்றே சொல்லலாம். நாங்கள் கேட்ட கடை ஒன்றில் 0.6 மில்லிமீட்டர் என்றார்கள். அதை ஒருமுறைகூடத் தேய்க்க முடியாது. மரத்தின் விலை கொடுத்து வினைலின் ஆயுளை வாங்கும் வேலை.

ஒட்டி முடித்த மொசைக் பார்க்கவே பரிதாபமாக இருக்கும்: வெளுப்பும் அழுக்குமாக, அங்கங்கே பசை பிதுங்கி. தச்சர் முதலில் 40 எண் முரட்டு உப்புத்தாளில் மூலைவாட்டாக ஓட்டினார். அடுத்து 60 எண்ணில் ஓட்டியபோது பையில் சேர்ந்த நைசான தூளைப் பிசினில் குழைத்து, அகலமான தகட்டால் தரை முழுக்க இழுத்தார். கட்டைகளுக்கிடையிலிருந்த கீற்றெல்லாம் அதே மரத்தின் நிறத்தில் அடைபட்டது. பிறகு 100. மேற்பூச்சுக்கு இரண்டு வழிகள். வார்னிஷ் படலம் கெட்டியானது, துடைக்க எளிது. கீறினால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்வது கடினம், அறையையே தேய்க்க வேண்டிவரும். மெழுகு கலந்த எண்ணெய்ப் பூச்சைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆனால் கட்டில் கால் கீறிய இடத்தை மட்டும் தேய்த்துப் பூசிவிடலாம். நாங்கள் எண்ணெயை எடுத்தோம். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது. காயும்போது எண்ணெய் சூட்டை வெளியிடும். சுருட்டிய துணியில் அந்தச் சூடு அடைபட்டுத் தானாகவே தீப்பிடிக்கும். நீரில் நனைத்தோ, வெளியே விரித்துக் காயவைத்தோதான் எறிய வேண்டும்.

இப்போது எது மேல் என்று கேட்டால், அறையைச் சொல்லுங்கள் என்பேன். கீழே தண்ணீர் சிந்தினால் நான் பதறுவதில்லை. மாடியில் பூத்தொட்டிக்கு அடியில் தட்டு இல்லாமல் விடுவதில்லை. வினைலில் நடக்கும்போது எழும் வெற்று ஓசைக்குக் காது பழகிவிட்டது, பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். நீண்ட கணக்குக்கு மரமே மலிவு என்பது முழு உண்மையில்லை. தேய்த்துப் பூசும் கூலியும், அறையைக் காலி செய்யும் தொல்லையும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். பத்து ஆண்டுக்குள் வீட்டை விட்டுப் போகிறவர் மரத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தின் பலனை அடுத்து வருபவர்தான் அனுபவிப்பார். அப்படிப்பட்டவருக்கு நான் வினைலையே சொல்வேன். தங்கப்போகிறவருக்கு, காய்ந்த தளமும் இருந்தால், ஓர் அறையிலாவது மரம்.

எதை வாங்கினாலும் எல்லாப் பெட்டியிலும் ஒரே தொகுதி எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வினைல் என்றால் ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிப் படுக்கைவாட்டில் வைத்துவிடுங்கள். நிற்கவைத்தால் பலகை வளைந்துவிடும். வடிவமைப்புகளை நிறுவனங்கள் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிடுகின்றன. பிறகு ஒரு பலகைக்கு நாடு முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. மரத்துக்கு இந்தக் கவலை குறைவு. அதே சாதி மரத்தில் அதே அளவுக் கட்டை எப்போது வாங்கினாலும், தேய்த்து எண்ணெய் பூசினால் காலப்போக்கில் பக்கத்துக் கட்டையின் நிறத்துக்கு வந்துவிடும்.